பத்துப் படிகளில் விடுபட்டது

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் சேர்ந்து 1989-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. தாய்ப்பாலூட்டல் வெற்றி பெற மகப்பேறு மருத்துவமனைகள் கடைப்பிடிக்க வேண்டிய பத்துப் படிகளை அது வகுத்துக் காட்டியது. 1991-இல் தொடங்கிய 'குழந்தை நேய மருத்துவமனை' இயக்கத்திற்கு அதுவே அடிப்படை. 2018-இல் அப்படிகள் திருத்தி எழுதப்பட்டன. இவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், இடையில் என்ன சேர்ந்தது, எது இன்னும் சேரவில்லை என்பது விளங்கும்.

முதலில் அறிக்கையின் நிறைகளைச் சொல்லிவிடுவோம். தூய நீர் கிடைக்காத வீடுகளில் புட்டிப்பால் எத்தனையோ குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் மரணத்தையும் கொண்டுவந்தது. பால்மாவு விளம்பரங்களுக்குக் கடிவாளம் போடும் பன்னாட்டு நெறிமுறை 1981-இல் உருவானது. இந்தியா 1992-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியே பத்துப் படிகள். பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியறையில் வைக்கும் பழக்கத்தை எதிர்த்து, இருவரும் இரவும் பகலும் ஒன்றாக இருக்கட்டும் என்று சொன்னது இந்த அறிக்கைதான். தாய்ப்பாலின் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. நம் கேள்வி வேறு: பால் கொடுக்க முயன்று முடியாமல் தவிக்கும் தாய்க்கு இதில் என்ன இருக்கிறது?

1989-ஆம் ஆண்டின் பத்துத் தலைப்புகளில் 'சிரமம்' என்ற சொல்லே கிடையாது. எப்படிப் பாலூட்டுவது என்று தாய்க்குக் காட்ட வேண்டும் என ஐந்தாம் படி கூறியது. வழக்கமாக நேரும் சிரமங்களைச் சமாளிக்கத் தாய்க்குத் துணை நிற்க வேண்டும் என்ற தொடர் 2018-இல்தான் அந்தப் படியில் ஏறியது. காம்பு வெடித்து இரத்தம் கசிவதும், பால் கட்டி மார்பு கல்லாவதும், பிள்ளை மார்பைப் பற்றாமல் வீறிட்டு அழுவதும் எந்தப் பிரசவ வார்டிலும் காணும் காட்சிகள். இவை தலைப்பில் இடம்பெற 29 ஆண்டுகள் பிடித்தன. தாயின் மனநிலையோ இன்றுவரை பத்துத் தலைப்புகளில் ஒன்றிலும் இல்லை.

மனநிலைக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பால் உண்டாவது ஒரு வேலை. உண்டான பால் வெளிவருவது இன்னொரு வேலை. முன்னதற்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோனும், பின்னதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோனும் பொறுப்பு. குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து, பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருங்கச் செய்கிறது, பால் இறங்குகிறது. பிள்ளையின் அழுகுரலைக் கேட்ட மாத்திரத்தில் தாயின் சேலை நனைவதும் இதனால்தான். வலியும் பதற்றமும் இந்த ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும்.

இதை அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் தம்பதியர் 1948-இல் சோதித்துக் காட்டினர். இடையூறின்றிப் பாலூட்டிய நாட்களில் குழந்தை சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. தாயின் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைத்தும், கால் விரல்களை வலிக்க இழுத்தும், கணக்குப் போடச் சொல்லியும் தொல்லை கொடுத்தபோது அது 99 கிராமாக இறங்கியது. தொல்லையோடு ஆக்சிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராமுக்கு ஏறியது. ஒரே ஒரு தாயிடம் செய்த சோதனைதான். எனினும் அது தரும் பாடம் தெளிவானது. மார்பில் பால் இருந்தும் வெளிவரவில்லை. 'உனக்குப் பாலே இல்லை' என்று நாள் முழுதும் ஒரு தாயின் காதில் ஓதுவதும் ஒரு வகைத் தொல்லையே அல்லவா?

அந்தப் பேச்சு வீட்டில் எப்போது எழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நஞ்சுக்கொடி வெளிவந்து, புரோஜெஸ்டிரோன் அளவு குறைந்த பிறகே பால் பெருகத் தொடங்குகிறது. இதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். தலைப்பிரசவத்திலும் அறுவைப் பிரசவத்திலும் இன்னும் தாமதமாகலாம். அதுவரை வருவது சீம்பால். அது சிறிதளவே வரும். இயல்பான இந்த இடைவெளியைப் பற்றாக்குறை என்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறோம். பிள்ளை சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். வீட்டார் சொன்னது பலித்துவிடுகிறது. பழி தாயின் தலையில் விழுகிறது.

இந்தப் பழியின் எடை என்ன? இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிள்ளை பெற்ற சுமார் 14,000 தாய்மார்களின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. கருவுற்றிருந்தபோது மனச்சோர்வு இல்லாதிருந்தவர்களில், பாலூட்ட விரும்பி அவ்வாறே ஊட்டியவர்களுக்கு, விரும்பாமலும் ஊட்டாமலும் இருந்தவர்களைவிட மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியே. விரும்பியும் ஊட்ட இயலாதவர்களுக்கோ அது இரு மடங்குக்கும் மேல். ஒரே செயல் ஒருத்திக்கு மருந்தாகவும், அது கைகூடாதபோது இன்னொருத்திக்கு நோயாகவும் ஆகிறது. தாய்மார்கள் வினாத்தாளில் தந்த விடைகளை நம்பிய ஆய்வு இது. எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது. ஆனாலும் ஆசையை மட்டும் ஊட்டிவிட்டு உதவியை மறந்துவிடும் பிரசாரத்திற்கு இது தக்க எச்சரிக்கை.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட பிரசாரம் உண்டு. மத்திய அரசு 2016 ஆகஸ்டில் 'மா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தாய்மார்களுக்குத் துணை நிற்பதும், செவிலியருக்குப் பயிற்சி தருவதும் அதன் நோக்கங்கள். நல்ல நோக்கங்கள்தான். பெயர்தான் உறுத்துகிறது. 'தாயின் முழுமையான அன்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பால்தான் முழுமையான அன்பு என்றால், பால் வராதவளின் அன்பு அரைகுறையா? பேற்றின்போது ஏராளமான இரத்தம் இழந்தவர்கள், மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், பால் சுரப்பிகள் போதிய அளவு வளராதவர்கள் ஆகிய சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் பால் போதாது. இது உடலியல் உண்மை. அன்பை அளக்கும் கோலன்று.

தவறு தாயிடம் மட்டும் இல்லை என்பதற்குப் புள்ளிவிவரமும் சான்று தருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ 41.8 விழுக்காடே. மருத்துவரும் செவிலியரும் அருகில் இருந்தும் அந்த ஒரு மணி நேரம் கைநழுவியிருக்கிறது. சுவரில் தாய்ப்பாலின் பெருமையைப் பேசும் படம் தொங்கினால் போதாது. பிள்ளையை மார்பில் சரியாகப் பற்றவைக்கத் தெரிந்த ஒரு கை கட்டிலருகே வேண்டும்.

ஆகவே பத்துப் படிகளை அடுத்த முறை திருத்துவோருக்கு நாம் மூன்று கோரிக்கைகள் வைக்கலாம். குழந்தையின் எடையைக் குறிக்கும் அட்டையிலேயே தாயின் வலி, தூக்கம், மனநிலை ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பால் போதாதபோது பீய்ச்சிய பாலையோ, மருத்துவர் சொன்ன மாற்றுப் பாலையோ பாலாடையில் புகட்டுவது தோல்வியன்று, சிகிச்சையே என்று எழுத்திலேயே சொல்ல வேண்டும். அழுகையும் சோர்வும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தாயை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியது இதைவிட எளிது. முதல் வாரம் கழிந்ததும் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடினால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எதுவானாலும், 'பால் இருக்கிறதா?' என்று தாயைக் கேட்பதற்கு முன், அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள்.