உள்ளே இருந்தவரின் நாவல்

வாஷிங்டனில் செனட்டர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பல சமயம் எழுதிக் கொடுப்பவர்கள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். மசோதாவின் ஷரத்துகளை அலசுவதும், சாட்சிகளைத் தேடிப் பிடிப்பதும் அவர்கள்தான். ஒரு நாவலுக்கு இதைவிட வளமான இடம் வேண்டியதில்லை. கிறிஸ்டின் கோர் 2004இல் வெளியிட்ட 'ஸாமீஸ் ஹில்' நாவலை ஆவலோடு எடுத்ததற்கு அதுவே காரணம்.

ஆசிரியை அல் கோரின் மகள். தகப்பனார் செனட்டராகவும் பிறகு உபஜனாதிபதியாகவும் இருந்த வீட்டில் வளர்ந்தவர். 2000 தேர்தலில் ஐந்து லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம் பெற்றும், சுப்ரீம் கோர்ட் 5க்கு 4 என்று தீர்ப்பளித்ததோடு அந்தத் தகப்பனார் தோற்றுப்போனார். இவருக்குத் தெரியாத அரசியலா?

கதாநாயகி ஸமந்தாவுக்கு வயது 26. ஒஹையோ செனட்டர் ஒருவரிடம் சுகாதார விவகாரங்களைக் கவனிக்கும் உத்தியோகம். சண்டை மீன் வளர்க்கிறாள். இல்லாத நோயெல்லாம் தனக்கு வந்துவிட்டதாக நடுங்குகிறாள். வேறொரு செனட்டருக்குப் பிரசங்கம் எழுதுகிறவனைக் காதலிக்கிறாள். சிரிப்பு வராமலில்லை. தொலைக்காட்சிக்கு வேடிக்கை எழுதிப் பழகிய கை.

வேடிக்கையாக எழுதியதைக் குறையாகச் சொல்லவில்லை. ஈவ்லின் வா நிருபராக அபிசீனியாவுக்குப் போய்வந்து, 1938இல் 'ஸ்கூப்' எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்புத்தான். ஆனால் அதைப் படித்த பிறகு செய்தித்தாளை முன்போல நம்பிப் பிரிக்க முடிவதில்லை. இந்த நாவலைப் படித்தபின் ஒரு மசோதாவைப் பற்றி நம் எண்ணம் எள்ளளவும் மாறுவதில்லை.

இந்தப் பெண்ணின் பயம் கற்பனை நோயைப் பற்றியது. அவள் வேலை செய்யும் மசோதாவோ நிஜ நோயாளிகளைப் பற்றியது. இந்த இரண்டையும் உரசவிட்டிருந்தால் நெருப்புப் பறந்திருக்கும். ஆசிரியை காதலன் பக்கம் போய்விடுகிறார். நாவல் வருவதற்கு முந்தைய வருஷம், 2003 நவம்பரில், முதியவர்களின் மருந்துச் செலவு மசோதாவுக்காகப் பிரதிநிதிகள் சபை விடியவிடிய விழித்திருந்தது. 15 நிமிஷத்தில் முடிய வேண்டிய ஓட்டெடுப்பைக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நீட்டி, 220க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். அந்த ஓர் இரவில் இருந்த கோமாளித்தனமும் பயங்கரமும் இந்த நாவல் முழுவதிலும் இல்லை.

2007இல் இரண்டாம் பாகமும் வந்தது. கதாநாயகி வெள்ளை மாளிகைக்கே உத்தியோகம் பார்க்கப் போய்விட்டாளாம். நான் அதை வாங்கவில்லை.