காளையும் கயிறும்

2025-ஆம் வருஷம் ஜூலை 6-ஆம் தேதி சாயங்காலம் நத்தத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பிரயாணம். அங்கே என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ். மறு பக்கம் சாய் கிஷோர் தலைமையில் திருப்பூர் தமிழன்ஸ். ரோடெல்லாம் ஜனம்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "ஏங்கய்யா, இந்தத் திருப்பூர்க்காரவுக முந்தி காரைக்குடிக்காரவுகதானே?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப காரைக்குடிக்காரவுக எல்லாம் இன்னைக்கி யாருக்குக் கை தட்டுவாக?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு மைதானத்துக்குள்ளும் வந்தது, இன்னும் போகவில்லை.

இந்த லீக்கைத் தொடர்ந்து கவனிக்காத வாசகர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் இது தொடங்கியபோது எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர். அவற்றில் ஒன்று காரைக்குடி காளை. 2021-இல் ஆட வந்தபோது அந்தக் காளையே திருப்பூர் தமிழனாகிவிட்டிருந்தது. அதே வருஷம் தூத்துக்குடி அணி சேலத்து அணியாயிற்று. இன்னொரு அணி திருவள்ளூரில் பிறந்து, காஞ்சிக்குக் குடிபோய், அங்கும் நிலைக்காமல் நெல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. குடிபோயிற்று என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரும் மூட்டை முடிச்சுக் கட்டவில்லை. சட்டையில் எழுத்து மாறியது, அவ்வளவுதான்.

நான் கிரிக்கெட் விமரிசகன் அல்ல, கதை எழுதுகிறவன். கதை எழுதுகிறவனுக்கு ஊர்ப் பெயர் விஷயத்தில் ஒரு சோதனை உண்டு. நாவலிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை என்றால், அந்த நாவலில் ஊரே இல்லை என்று அர்த்தம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெகு காலத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்குத் திண்டுக்கல்லை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் படித்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது சார். ஊரை மட்டும் மதுரை என்று மாற்றிவிடுங்கள். அங்கேதான் நமக்கு விற்பனை அதிகம்" என்றார். அப்போது எனக்குப் பணமுடை. மாற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார்: "மதுரையில் எந்தத் தெருவில் நின்றால் மலைக்கோட்டை தெரியும்? தெரிவித்தால் போய்ப் பார்ப்பேன்." அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஆசிரியர் மீது எனக்குக் கோபமில்லை. விற்பனை அவர் கவலை. ஊர் என் கவலையாக இருந்திருக்க வேண்டும்.

லீக்கிலும் நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. ஒரு காலத்தில் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது மைதானத்து வாசலில் டிக்கெட் வாங்கியவன். அவன் பக்கத்து ஊர்க்காரன். அவனைப் பகைத்துக்கொண்டு அணி பிழைக்க முடியாது. இப்போது சோறு போடுகிறவர் எங்கேயோ ஒரு வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷம் ஒளிபரப்பும் உரிமை 2022-இல் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. எந்த ஊர் மைதானத்தின் வாசலில் நின்று இத்தனை பணத்தை வசூலிக்க முடியும்? மாநில லீக் அந்தப் பெரிய மரத்தின் பக்கக் கன்று. உயரம் வேறு, வேர் ஒன்றுதான். காமிராவுக்கு ஊர் என்பது திரையின் மூலையில் மூன்று எழுத்து. எந்த மூன்று எழுத்தாக இருந்தால் என்ன?

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் அமெரிக்கக் கல்லூரிகள். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் கால்பந்துக்குத் தேசமே பைத்தியம். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் கூடிக் கூட்டணி அமைத்துத் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். எந்தக் கல்லூரி எத்தனை தடவை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை ஒரு பொதுச் சங்கம் கட்டுப்படுத்தி வந்தது. அது சட்டப்படி செல்லாது என்று 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கேயும் 1995-இல் நம் உச்ச நீதிமன்றம், ஒலி ஒளி அலைகள் பொதுச் சொத்து, அவற்றில் சர்க்காருக்கு ஏகபோகம் கிடையாது என்றது. அந்த வழக்குக்கு மூலமும் ஒரு கிரிக்கெட் போட்டிதான். இரண்டு தீர்ப்புகளும் ஒரு கதவைத் திறந்தன. கதவு திறந்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். யார் முதலில் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1915 முதல் இருந்துவந்த பசிபிக் கரைக் கூட்டணி, 2024-இல் இரண்டே கல்லூரிகளோடு நின்றது. மற்றப் பத்தும் அதிகப் பணம் தரும் கூட்டணிகளுக்குப் போய்விட்டன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு சேர்ந்த கூட்டணியின் பெயர் அட்லாண்டிக் கரைக் கூட்டணி! இன்னொன்றுக்குப் 'பெரிய பத்து' என்று பெயர். அதில் இப்போது பதினெட்டுக் கல்லூரிகள். கலிபோர்னியாவில் படிக்கும் பெண் வாலிபால் ஆடுவதற்காக, பாடத்தை விட்டுவிட்டுக் கண்டத்தின் மறு கோடிக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. காமிரா வந்தது கால்பந்துக்காக. அலைச்சல் வாலிபால் பெண்ணுக்கு.

மறு பக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. நடராஜன் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். கூலித் தொழிலாளியின் மகன். 2016-இல் திண்டுக்கல் அணிக்காகப் பந்து வீசினார். மறு வருஷமே பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தொலைக்காட்சியும் அதன் பணமும் இல்லாவிட்டால் சின்னப்பம்பட்டிப் பையனை யார் பார்த்திருப்பார்கள்? ஊர்ப் பாசம் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். சேலத்துப் பையன் திண்டுக்கல் சட்டை போட்டதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிழைக்க வந்தவனைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்வது எந்த ஊருக்கும் பெருமைதான்.

என் ஆட்சேபம் வேறு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பூட்டுக்குத் திண்டுக்கல் பெயரைப் பொறித்து விற்றால் இன்று சட்டம் கேட்கும். அதே வருஷம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. சேலையை அதே பெயரோடு வேறு ஊரில் நெய்ய முடியாது. ஆனால் காரைக்குடியின் காளையைத் திருப்பூருக்கு ஓட்டிக்கொண்டு போக ஊரார் யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. பூட்டுக்கும் புடவைக்கும் உள்ள மரியாதை, ஊரார் தொண்டை கிழியக் கத்திய கத்தலுக்கு இல்லை.

எங்கள் பக்கத்துச் சம்சாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை விற்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய கயிறு தொழுவத்திலேயே தொங்கும். அடுத்த கன்றுக்கு ஆகும். அணி என்பது சொத்து, விற்பேன், மாற்றுவேன் என்றால் சரி. ஆனால் கயிறு ஊரில் தங்க வேண்டும். ஓர் ஊரின் பெயரில் ஆடிச் சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைதானமாகவும், பையன்களுக்கும் பெண்களுக்கும் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியாராகவும் நின்றுவிட வேண்டும். பெயரை மாற்றும் முன் இதைச் செய்தாயா என்று கேட்க லீக்கில் ஒரு விதி இருக்கட்டும்.

அன்று ஆட்டம் என்னவாயிற்று என்று சொல்லவில்லையே! திருப்பூர் 220 ஓட்டம் எடுத்தது. முந்தின வருஷம் கோப்பையை வென்ற நம் திண்டுக்கல் 102-க்குச் சுருண்டு 118 ஓட்டத்தில் தோற்றது. இத்தனை விமரிசனம் பேசுகிற நானும் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் தலையில் கையை வைத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தகப்பனும் எட்டு வயசுப் பையனும். பையன் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு விசும்பிக்கொண்டே வந்தான். பஸ் இருட்டில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, அடுத்த வருஷமும் நம்ம டீம் இருக்கும்ல?" என்றான்.

"இருக்கும்டா. எங்கே போகப் போகுது?" என்றார் தகப்பன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.