அளவு தப்பிய அங்கி

1976-இல் வெளிவந்த ‘ராக்கி’ படத்தை எப்போது பார்த்தாலும், குத்துச்சண்டை வீரன் ராக்கி மேடைக்கு அணிந்து வரும் அந்தச் சிவப்பு அங்கியில்தான் என் கண் போய் நிற்கும். தைத்து வந்தபோதே ராக்கியாக நடித்த சில்வஸ்டர் ஸ்டாலோனுக்கு அது தொளதொளவென்று இருந்தது. 28 நாட்களில், சிக்கனமாக எடுத்த படம். வேறு தைக்க வழியில்லை. கதையும் வசனமும் அவருடையவையே என்பதால், அங்கி பெரிதாக இருக்கிறதே என்று ராக்கியே கவலைப்படும்படி எழுதிச் சேர்த்தார். போட்டி அரங்கில் மாட்டிய ராக்கியின் பெரிய ஓவியத்தில் கால்சட்டையின் நிறம் மாறிப்போனதையும் அப்படியே வசனமாக்கினார். ராக்கி அந்த நிறத் தவறைச் சொல்லும்போது, போட்டி நடத்துபவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ஓர் அலட்சியத்தில் ராக்கியின் தனிமை முழுதும் தெரிகிறது. குறையை மறைக்காமல் கதைக்குள் குடிவைத்த அந்தக் கைத்திறன்தான் எனக்குப் பெரிய வெற்றி.