எதனோடு ஒப்பிட்டார்கள்?

“மருந்தே வேண்டாம், பேசியே மனச்சோர்வைக் குணமாக்கலாம், கோவாவில் நிரூபித்துவிட்டார்கள்” என்று சொல்வோர் உண்டு. மாத்திரை சாப்பிட்டும் தேறாத ஒரு பெண்ணின் வீட்டார் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டால் ஆபத்து. ஆகவே அந்த ஆய்வைச் சற்று உரசிப் பார்ப்போம்.

விக்ரம் பட்டேல் குழுவினரின் ஆய்வு அது. 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். பெரும்பாலோர் பெண்கள். டாக்டரின் கவனிப்பு இரு பிரிவுக்கும் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஆறு முதல் எட்டு முறை ஆலோசனை. தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். நோயாளி கைவிட்ட வேலைகளைப் படிப்படியாக மீண்டும் தொடங்கச் செய்வதே அதன் சாரம். மூன்று மாதத்தில் ஆலோசனைப் பிரிவில் 64 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. மறு பிரிவில் 39. கணவன் அடிப்பதாகச் சொன்ன பெண்களும் ஆலோசனைப் பிரிவில் குறைவு.

பாராட்டத்தக்க ஆய்வுதான். ஆனால் ஆலோசனை மருந்தோடு மோதவில்லை. டாக்டரின் கவனிப்போடு சேர்ந்தே நின்றது. மேலும், நோயின் கடுமை வேறு, மருந்துக்கு மசியாமை வேறு. இந்த ஆய்வு கடுமையைப் பார்த்தே ஆட்களைத் தேர்ந்தது.

மருந்துக்கு மசியாதவர்களைத் தேர்ந்த ஆய்வு பிரிட்டனில் நடந்து 2013-இல் வெளிவந்தது. 469 பேர், எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் சிகிச்சை வழக்கமான கவனிப்புடன் சேர்க்கப்பட்டது. ஆறு மாதத்தில் நோய்க்குறிகள் பாதியாகவேனும் குறைந்தவர்கள் 46 சதவீதம், சேர்க்கப்படாதவர்களில் 22.

அப்படியானால் 64 பெரிது, 46 சிறிது, கோவா முறையே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? கூடாது. இரு விளக்குகளின் ஒளியை அளக்க, இரண்டையும் ஒரே திட்ட விளக்கோடு ஒப்பிட வேண்டும் என்பதை ஒளிமானிச் சோதனையில் படித்திருக்கிறீர்கள். இங்கே நோயாளிகள் வேறு, அளவுகோல் வேறு, காலமும் வேறு.

இவ்விரு வகைச் சிகிச்சைகளையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. 440 பேர், 2016-இல் முடிவு வந்தது. செயலைத் தூண்டும் முறை மற்றதற்குச் சளைக்கவில்லை; செலவும் குறைவு. ஆனால் அதுவும் மருந்துக்கு மசியாதவர்களை மட்டும் தேர்ந்ததல்ல. இம்மூன்றில் எதுவும் பெண்களுக்கென்றே நடந்ததும் அல்ல.

எனவே, ‘எது சிறந்தது?’ என்று கேட்குமுன் ‘யாரிடம், எதனோடு ஒப்பிட்டு?’ என்று கேளுங்கள். ஒன்று மட்டும் உறுதி: மாத்திரை கேட்கவில்லை என்பதால் வழி அடைபட்டுவிடவில்லை. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பேச்சுச் சிகிச்சையையும் சேர்க்கலாமா என்று மனநல மருத்துவரிடம் கேட்பதே முறை.