ஐந்து நிமிடமும் அதற்குப் பின் வரும் கேள்வியும்

1946 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் எனியாக் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அன்றைய செயல்விளக்கத்துக்கு நிரல் அமைத்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரண்டு பெண்கள். இவர்களையும் சேர்த்து ஆறு பெண்கள் அந்த இயந்திரத்துக்கு நிரல் அமைத்திருந்தார்கள். ஆறு பேரில் ஒருவரைக்கூட அன்று யாரும் அறிமுகப்படுத்தவில்லை; இரவு விருந்துக்கும் அழைக்கவில்லை. கணினியியலில் பெண்களுக்கென்று தனி உரையரங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நாளையே பதிலாகச் சொல்வேன்.

2005இல் நிப்ஸ் என்னும் இயந்திரக் கற்றல் மாநாட்டுக்குப் போயிருந்த ஹன்னா வாலக், ஜென்னிஃபர் வோர்ட்மன் உள்ளிட்ட மாணவிகள் சிலர், தங்கள் துறையில் தங்களுக்குத் தெரிந்த பெண் ஆய்வாளர்களை எண்ணிப் பார்த்தார்கள். பத்துப் பெயர்கள் தேறின. அடுத்த ஆண்டே இயந்திரக் கற்றலில் பெண்களுக்கான பயிலரங்கைத் தொடங்கிவிட்டார்கள். மூத்தவர்களின் அழைப்புரை, மாணவிகளின் சிற்றுரை, போஸ்டர் முன் நின்று உரையாடல் என்ற அதன் அமைப்பை இன்று பல துறைகளின் அரங்குகளில் காணலாம். சிற்றுரை கால் மணி நேரம் வரை போகும். அதிலும் ‘மின்னல் உரை’ என்ற வகை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தச் சிற்றுரைகளின் முதல் பலன் பெயர் பரவுவது. அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மேரி பிளேர்-லாயும் அவருடைய குழுவினரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் ஐந்து பொறியியல் துறைகளில், ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆற்றிய 119 உரைகளின் பதிவுகளை அவர்கள் பார்த்தார்கள். பெண்களின் பேச்சில் கேள்விகளும் துணைக்கேள்விகளும் அதிகமாகக் குறுக்கிட்டன. அதனால் முடிவுரைக்கு எஞ்சிய நேரம் குறைந்து, அவசரமாக முடிக்க வேண்டியதாயிற்று. மின்னல் உரையில் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து நிமிடமும் பேசுபவருக்கே சொந்தம். எடுத்துக்கொண்ட சிக்கல் எது, கண்டது என்ன, அதில் புதுமை எங்கே என்பதை ஓர் ஆராய்ச்சி மாணவி தடையில்லாமல் சொல்லி முடிக்கிறாள். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ஒருத்திக்கு இது கிடைப்பது சிறிய விஷயமல்ல.

குறையும் இதற்குள்ளேயே இருக்கிறது. குறுக்கீட்டைத் தடுத்த அதே கடிகாரம் கேள்வியையும் தடுத்துவிடுகிறது. “நேரமாகிவிட்டது, கேள்விகளை போஸ்டர் அருகே வைத்துக்கொள்ளலாம்” என்று அமர்வை நடத்துபவர் சொன்னதும், கைதட்டிவிட்டு அடுத்த உரைக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஓர் ஆய்வாளரின் ஆழம் வெளிப்படுவது ஸ்லைடில் அல்ல. ‘இந்த அனுமானத்தை எடுத்துவிட்டால் உன் முடிவு நிற்குமா?’ என்று ஒருவர் கேட்க, அவள் ஒரு கணம் யோசித்துச் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது. பாராட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவளுக்கு, முதல் கடுங்கேள்வி வேலைக்கான நேர்காணலில்தான் வந்து விழும்.

இன்னொன்று, எல்லா ஆய்வும் ஐந்து நிமிடத்தில் அடங்காது. ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்கோஃப் ஆகியோர் 1985இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூற்று உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் அது உண்மை என்பதைத் தவிர வேறெந்த அறிவும் எதிரே இருந்து சரிபார்ப்பவருக்குப் போய்விடக் கூடாது. ஒரு வரியில் சொன்னால் விடுகதை போலத்தான் இருக்கிறது. அந்தக் கட்டுரையின் உயிர் அதன் வரையறையில் இருக்கிறது: இருவருக்கும் இடையே நடக்கும் உரையாடலில் கிடைத்ததையெல்லாம் சரிபார்ப்பவர் யார் துணையும் இல்லாமல் தாமே உருவாக்கிக்கொள்ள முடியும் என்றால், அவருக்குப் புதிதாக எதுவும் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதைப் புரியவைக்கக் கரும்பலகையும் பொறுமையும் வேண்டும். அது ஏற்கப்படுவதற்கு முன் பலமுறை நிராகரிக்கப்பட்ட கட்டுரை என்பதையும் மறக்கக் கூடாது. மின்னல் உரைக்கு உகந்தது படமும் எண்ணும் பளிச்சென்று தெரிகிற ஆய்வு. மெதுவாக விளங்கும் கோட்பாட்டு ஆய்வு செய்கிறவள் அங்கே மங்கிப்போகிறாள்.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். பெரிய மாநாட்டுக்கு முந்தைய நாள், பக்கத்து அறையில் இந்த உரைகள் நடக்கும்போது, வேலை கொடுக்கப்போகிற பேராசிரியர்களில் பலர் இன்னும் ஊர் வந்தே சேர்ந்திருக்க மாட்டார்கள். சிற்றுரையில் பெண்கள் நிறைந்திருப்பதைக் காட்டி, முதன்மை உரைப் பட்டியலின் வறுமையை மறைத்துக்கொள்ளவும் சில மாநாடுகளுக்கு இது வசதியாகிவிடுகிறது.

அதற்காக இந்த உரைகளை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்தினால் இழப்பு பெரிது. ஐந்து நிமிட உரைக்குப் பின் ஐந்து நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். ஒரு நாளில் இருபது பேர் பேசுவதற்குப் பதில் பத்துப் பேர் பேசட்டும். அவர்களில் இருவருக்காவது அடுத்த ஆண்டு மாநாட்டின் பெரிய அரங்கில் முழு ஒரு மணி நேரம் கொடுங்கள். கேட்க வருகிறவர்களும் கைதட்டியதோடு எழுந்து போய்விடாமல், ஒரு கேள்வியாவது கேட்கட்டும்.