முறுக்குப் பிழியாத கைகள்: பழைய ஸ்போர்ட்டி காரை ரசிப்பது எப்படி?

2000-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கின் திறன் 106 குதிரைத்திறன். 2003-இல் அதன் இடத்தைப் பிடித்த புதிய சிட்டி, எல்லோரும் 'டால்ஃபின்' என்று செல்லமாகச் சொன்ன அந்த வண்டி, 77 குதிரைத்திறனோடு வந்தது. ஹோண்டா அதைத் தெரிந்தேதான் செய்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு என எட்டு ஸ்பார்க் பிளக் வைத்து, பெட்ரோலைச் சிக்கனமாக எரிக்கும் இன்ஜின் அது. உள்ளே இடமும் தாராளம். குடும்பங்கள் விரும்பி வாங்கின. அது நல்ல கார்தான். ஆனாலும் இருபது வருடம் கழித்து, துருப்பிடிக்காத பழைய விடெக் ஒன்று எங்காவது கிடைக்காதா என்று ஊர் ஊராக விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டால்ஃபினை அப்படித் தேடுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பழைய ஸ்போர்ட்டி கார்களில் இருக்கும் இன்பம் புதியவற்றில் இல்லை என்று சொல்லும்போது, பலரும் பழைய நினைவுகளைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வரும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் நினைவே இல்லாத ஓர் இருபது வயதுப் பையனை அந்த வண்டியில் உட்கார வைத்தாலும் அவன் முகம் மாறுகிறது. அவனுக்குக் கிடைப்பது என்ன? வேகம் அல்ல. இன்றைய சாதாரண டர்போ ஹேட்ச்பேக் ஒன்று நெடுஞ்சாலையில் பழைய விடெக்கைச் சுலபமாக முந்திவிடும். பழைய வண்டி தருவது வேறு: மணிக்கு 45 கிலோமீட்டரிலேயே அது உங்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்கக் கொஞ்சம் பழக வேண்டும்.

நான் அதைப் பழகியது ஒரு ஃபோர்டு ஐகான் 1.6-இல். மறைமலை நகரில் பிறந்த வண்டி. 1999 கடைசியில் வந்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள். ரோகாம் இன்ஜின், 92 குதிரைத்திறன். ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தவர் நாமக்கல் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். கொல்லிமலை ஏற வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தார். "ரெண்டு விரலும் கட்டவிரலும் போதும் தம்பி. இப்படி முறுக்குப் பிழியற மாதிரி புடிச்சா உனக்கு என்னத்தத் தெரியும்?" என்றார்.

ரசிப்பதற்கான முதல் பாடம் அதுதான். பிடியைத் தளர்த்துங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய வண்டிகளின் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்த ஒரு பம்ப் அந்த அழுத்தத்தைத் தரும். நீங்கள் திருப்பும்போது எண்ணெய் உதவிக்கு வரும். அதே நேரத்தில் டயர் சாலையில் படும் பாடும் சக்கரங்களைத் திருப்பும் ராக் என்ற பல்தண்டு வழியாக, ஸ்டீயரிங் தண்டு வழியாக, உங்கள் உள்ளங்கைக்குத் திரும்பி வரும். வளைவில் போகும் டயர் எப்போதும் நேராகத் திரும்பிவிடவே துடிக்கும். அந்தத் துடிப்புதான் ஸ்டீயரிங்கில் நாம் உணரும் கனம். முன் டயர்கள் பிடியை விடத் தொடங்கினால் அந்தக் கனம் சட்டென்று குறையும். வண்டி நழுவுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். தூண்டில் நரம்பில் மீன் வாய் வைப்பது தெரிவதில்லையா, அப்படி.

இன்று பெரும்பாலான கார்களில் இந்த உதவியை மின்மோட்டார் செய்கிறது. நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கும், எவ்வளவு உதவ வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்யும். பெட்ரோல் மிச்சம், பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் சாலையின் நடுக்கத்தைத் தொந்தரவு என்று நினைத்து வடிகட்டும்போது, அதோடு சேர்ந்து சேதியும் போய்விடுகிறது. நல்ல பொறியாளர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். சிலர் ஜெயித்தும் இருக்கிறார்கள். மற்றவர்கள் 'ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன் வைத்து ஸ்டீயரிங்கைக் கனமாக்குகிறார்கள். கனம் வேறு, சேதி வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் நீங்கள் பாதி ரசிகர் ஆகிவிட்டீர்கள்.

அன்று மலை ஏறும்போது ஒரு வளைவில், பலகையில் 53 என்று எழுதியிருந்த இடத்தில், ஸ்டீயரிங் ஒரு கணம் காற்றுப் போனதுபோல் லேசாகி மீண்டும் கனத்தது. வண்டி கோட்டைவிட்டு விலகவில்லை. வேகம் முப்பதுகூட இருக்காது. ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்து காது. இங்கே ஹோண்டாவும் ஃபோர்டும் வேறு வேறு சங்கீதம். விடெக் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் சிறிய மேடும் உண்டு, பெரிய மேடும் உண்டு. குறைந்த சுழற்சியில் சிறிய மேடு வேலை செய்யும். சுழற்சி ஏறியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு ஊசியைத் தள்ளிப் பூட்ட, பெரிய மேடு பொறுப்பெடுக்கும். வால்வுகள் இன்னும் ஆழமாக, இன்னும் அதிக நேரம் திறந்திருக்கும். 1989-இல் ஹோண்டா இன்டெக்ராவில் முதன்முதலாக வந்த உத்தி இது. அந்த மாற்றம் நடக்கும் நொடியில் ஒலியின் நிறமே மாறும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போவதுபோல. ஆனால் மைலேஜுக்காக இரண்டாயிரம் சுழற்சியிலேயே கியர் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர் இதைக் கேட்காமலேயே வண்டியை விற்றுவிடுவார். ஏற்றத்தில், இரண்டாவது கியரில், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரே ஒரு முறை பொறுமையாக இருங்கள். மூன்றாவது கியருக்கு அவசரப்படாதீர்கள். அதுவாக வரும்.

ஐகானின் ரோகாம் இன்ஜினிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. சிலிண்டருக்கு இரண்டே வால்வு. மேலே போகப் போக மூச்சு வாங்கும். அதன் அழகெல்லாம் கீழேயும் நடுவிலும்தான். வளைவு முடிந்து காலை லேசாக அழுத்தினால், கியர் இறக்காமலேயே தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் கிளம்பும். இதற்கு ஒரு காரணம் எளிமையானது: காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கேபிள்தான் இருந்தது. இன்று அந்தக் காலசைவைக் கணினி வாங்கி, யோசித்து, புகை அளவையும் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினிடம் சொல்கிறது.

கியர் லீவர், கிளட்ச் பற்றியெல்லாம் நிறையச் சொல்லலாம். அவை ஓட்டினால் தானே புரியும், விடுகிறேன். ஆனால் வண்டி சாய்வதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வளைவில் உடல் சாய்ந்தால் குறை என்று நினைக்கிறோம். அளவான சாய்வு ஒரு கணக்குப்பிள்ளை. எவ்வளவு பாரம் வெளிச்சக்கரத்துக்குப் போயிருக்கிறது என்று இடுப்புக்குச் சொல்லும். டயரும் அப்படித்தான். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 உலகம் கொண்டாடும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதன் டயர் அகலம் 185 மில்லிமீட்டர்தான், இன்றைய குடும்பக் கார்களில் போடும் அளவு. பிடி குறைவு என்பதால் அதன் எல்லை நிதானமான வேகத்திலேயே எட்டிப் பார்க்கும். அகலமான டயர் போட்ட புதிய வண்டியில் அந்த எல்லையைக் காண வேண்டுமென்றால் பொதுச் சாலையில் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டும்.

இந்த மாஸ்டாவின் கதை பழையதே சிறந்தது என்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாவது என்ற பொருளில், 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைக் குறிக்கோளாக வைத்துத்தான் அதை உருவாக்கினார்கள். அடுத்த தலைமுறைகளில் எடை ஏறிக்கொண்டே போனது. 2015-இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையில் மாஸ்டா பொறியாளர்கள் பிடிவாதமாக உட்கார்ந்து முந்தியதைவிட ஏறக்குறைய 100 கிலோவைக் குறைத்தார்கள். ஸ்டீயரிங் மின்மோட்டார்தான். ஆனாலும் அது பேசும் கார் என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். நம் மறைமலை நகரிலும், ஐகானுக்குப் பிறகு 2005-இல் வந்த முதல் ஃபியஸ்டா 1.6 அதைவிடத் திறனில் கூடியது, பேச்சிலும் குறைந்ததில்லை. ஆக, ஆண்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எடையைப் பாருங்கள், ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பாருங்கள்.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஏர்பேக், கதவுக்குள் இரும்புத் தண்டு, ஏபிஎஸ். நம் நாட்டில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானதே 2019-இல்தான். என் மகளை இரவில் நெடுஞ்சாலையில் அழைத்துப் போக வேண்டுமென்றால் புதிய வண்டியைத்தான் எடுப்பேன், இரண்டாவது யோசனையே இல்லை. பழைய வண்டி விடியற்காலைக்கு, ஆளில்லாத மலைப்பாதைக்கு, நிதானமான வேகத்துக்கு. ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து.

தளர்ந்துபோன பழைய வண்டியை ஓட்டிவிட்டு, இதிலா இவ்வளவு சொன்னார்கள் என்று ஏமாற வேண்டாம். இருபது வருடத்தில் ரப்பர் புஷ்கள் பொடிந்திருக்கும், ஷாக் அப்சார்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் இறுகிய டயரில் எந்தச் சேதியும் வராது. புஷ், ஷாக், டயர் மூன்றையும் மாற்றிவிட்டுப் பிறகு பேசலாம். 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அன்று மலைமேல் செம்மேட்டில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம். பானெட்டுக்குள் சூடான இரும்பு 'டிக் டிக்' என்று ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் டீயை ஆற்றியபடியே, "எந்த வளைவுல தம்பி?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அம்பத்தி மூணு" என்றேன்.

தலையாட்டினார். "மழ விட்டு நாலு நாள்தான் ஆச்சு. அங்க பாறையில இருந்து தண்ணி கசிஞ்சு ரோட்டுக்குக் குறுக்க ஓடும். ஒரு சாண் அகலம்தான் இருக்கும்" என்றார்.

இறங்கும்போது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். ஒரு சாண்தான் இருந்தது.