பழமையைக் காத்தலும் பழமையை விற்றலும்

பழைய பொருளொன்றைப் பேணிக் காப்பது ஒரு பணி. பழமையை விலைகூறி விற்பது வேறொரு பணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதில் இன்றைய வாணிபப் பண்பாடு பெரிதும் தேர்ச்சி பெற்றிருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமுள்ள களியாட்டப் பூங்காக்கள், பாட்டனார் நுகர்ந்த இன்பத்தைப் பேரப்பிள்ளைகளுக்கும் அளிப்பதாகக் கூறிக்கொள்வதை அவற்றின் விளம்பரங்களிலே காணலாம். அவ்விளம்பரங்களில் முதலிடம் பெறுவது மரத்தாலான ரோலர் கோஸ்ரர். சங்கிலியால் உச்சிவரை இழுக்கப்பட்டு, பின்னர் தன் பாரத்தாலேயே மேடுபள்ளங்களில் விரைந்தோடும் விளையாட்டு வண்டித்தொடர் அது. விளையாட்டுப் பொருள்தானே என்று சமூக நோக்குடைய விமர்சகர் இதனைப் புறக்கணித்தல் தகாது. உழைக்கும் மக்கள் தமது ஓய்வை எங்ஙனம் கழித்தனர், அந்த ஓய்வின் நினைவு இன்று யாருடைய உடைமையாயிற்று என்பன பண்பாட்டைப் பற்றிய கேள்விகளேயாகும்.

இதன் பிறப்பை முதலில் நோக்குவோம். பென்சில்வேனியா மாநிலத்தில் மோக் சங்க் என்னும் ஊரருகே, மலைமேல் வெட்டிய நிலக்கரியை ஆற்றங்கரைக்கு இறக்குவதற்காக 1827இல் ஒரு தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. கரி நிறைந்த பெட்டிகள் ஏறக்குறைய ஒன்பது மைல் தூரம் தம் பாரத்தால் இறங்கின. வெறும் பெட்டிகளைத் திரும்ப மேலே இழுத்துச் செல்லவேண்டிய கோவேறு கழுதைகளும் அவற்றுடன் ஏற்றிக் கீழே கொண்டுவரப்பட்டன. 1872இல் கரி வேறு வழியாகச் செல்லத் தொடங்கியதும் பாதை முழுவதும் உல்லாசப் பயணிகளுக்கென்றாயிற்று. ஐந்தாண்டுகளின் பின், 1877ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி, அதே ஊரின் சிறைச்சாலையில் மொலி மக்வயர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஐரிஷ்காரர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். சுரங்கத் தொழிலாளருக்கும் கரிக் கம்பெனிகளுக்கும் நடந்த நெடிய போராட்டத்தின் கொடிய அத்தியாயம் அது. மலையின் வயிற்றில் மனிதர் கரி வெட்டி மடிந்துகொண்டிருக்க, அதே மலையின் முதுகில் வேறு மனிதர் மகிழ்ச்சியாற் கூச்சலிட்டு இறங்கினர். லாமார்க்கஸ் தொம்சன் 1884இல் நியூயோர்க்கின் கடற்கரையான கோனி ஐலண்டில் அமைத்த சறுக்குப் பாதைக்கு இந்தக் கரிப் பாதையே தூண்டுதலாயிற்று என்பர். மணிக்கு ஆறு மைல் வேகம்; கட்டணம் ஐந்து சதம்.

அந்த ஐந்து சதத்தின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். 1920 அளவில் நகரத்து நிலக்கீழ்ப் புகையிரத சேவை கோனி ஐலண்டை எட்டியபோது அதன் கட்டணமும் ஐந்து சதமே. நெருக்கடி நிறைந்த குடியிருப்புகளில் வாழ்ந்த தையற் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும், பல நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகளும் ஞாயிறுதோறும் இலட்சக்கணக்கில் அங்கே குழுமினர். 1927இல் திறக்கப்பட்ட சைக்லோன் என்னும் ரோலர் கோஸ்ரர் 85 அடி உயரத்திலிருந்து மணிக்கு ஏறக்குறைய 60 மைல் வேகத்தில் அவர்களைச் சுமந்து சென்றது. வேலை நேரத்தைக் குறைக்கத் தொழிலாளர் நடத்திய போராட்டங்களின்றி இந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. ஆகவே இத்தகைய சின்னங்களைக் காப்பது பொழுதுபோக்கு அன்பர்களின் விருப்பம் மாத்திரமன்று. உழைப்பாளர் வரலாற்றின் ஒரு பகுதியைக் காப்பதுமாகும்.

ஆனால் காத்தல் என்பது யாது? கற்கோயில் நூற்றாண்டுகள் நிற்கும். மரப்பாதை அவ்வாறு நில்லாது. கடற்காற்றும் மழையும் வண்டியின் அதிர்வும் சட்டங்களை ஓயாது அரிக்கின்றன. தச்சர்கள் பாதையின்மேல் நடந்து, தளர்ந்த ஆணியையும் உளுத்த பலகையையும் கண்டு மாற்றுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய மரத்திற் பெரும்பகுதி புதிய மரமாகிவிடுகிறது. ஆயின் எஞ்சி நிற்பது எது? வடிவமும், அவ்வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தும் கைத்திறனுமே. வண்டி மேலேறும்போது எழும் கடகடவென்ற ஒலியை விளம்பரகாரர் இழந்த இளமையின் இசையாக்குகின்றனர். அதுவோ சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதிருக்க அமைத்த பற்கட்டையின் ஒலி. ஒரு தொழில்நுட்பனின் பொறுப்புணர்ச்சியே அங்கு ஒலிக்கிறது.

பழமையை விற்போர் இக்கைத்திறனையும் பொறுப்பையும் கருத்திற் கொள்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது பெயரும் வர்ணமும் எழுத்துவடிவமுமே. கோனி ஐலண்டில் 1925இல் எழுந்த தண்டர்போல்ட் என்னும் மர ரோலர் கோஸ்ரர் 1982இல் நின்றுபோய், புதர் மண்டிக் கிடந்தது. அது இடிந்துவிழும் அபாயத்தில் உள்ளதெனக் கூறி 2000ஆம் ஆண்டு நவம்பரில் நகர நிர்வாகமே அதனை இடித்துத் தள்ளியது. 2014இல் அப்பெயரைத் தாங்கி ஓர் உருக்கு ரோலர் கோஸ்ரர் அவ்வூரில் திறக்கப்பட்டது. 1903இல் தோன்றி 1944இன் தீயால் அழிந்த லூனா பார்க்கின் பெயரும் 2010இல் திறந்த புதிய பூங்காவுக்குச் சூட்டப்பட்டது. பொருள் அழிந்தபின் பெயர் பண்டமாயிற்று. உண்மையில், பொருள் அழிந்துவிட்டால் பெயரை விற்பது இன்னும் எளிது. பழுதுபார்க்கும் செலவில்லை, முரண்பட்டுப் பேசும் சாட்சியுமில்லை.

சைக்லோனின் கதையும் இதற்குத் துணைபுரியும். 1970களின் தொடக்கத்தில், அருகிலிருந்த நீர்வாழ் உயிரினக் காட்சிச்சாலையை விரிப்பதற்காக அதனை அகற்றும் எண்ணமிருந்தது. பொதுமக்களின் எதிர்ப்பே அதனைக் காத்தது. 1975இல் அது மீண்டும் ஓடிற்று. 1988இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. அதன் உடைமையாளர் நகர மக்கள்; அதனை நடத்தி வருமானம் பெறுவது கம்பெனி. அழிவிலிருந்து மீட்ட மக்களுக்கே அந்நினைவு சீட்டு விலையோடு திருப்பி விற்கப்படுகிறது.

இவ்வாணிபத்தின் பெருங்குறை, இறந்தகாலத்தைப் பூசலற்ற பொற்காலமாகக் காட்டுவது. எல்லாரும் கூடிச் சிரித்த காலம் என்கிறார்கள். எல்லாரும் என்றால் யாவர்? தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் இருந்த கிளென் எக்கோ பூங்கா கறுப்பின மக்களுக்குக் கதவடைத்திருந்தது. 1960ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வெள்ளையின ஆதரவாளரோடு அங்கே புகுந்து குதிரை இராட்டினத்தில் அமர்ந்தனர். ஐவர் கைதாயினர். மறியல் கோடை முழுதும் நீடித்தது. 1961இல் கதவு திறந்தது. 1964இல் உயர்நீதிமன்றம் அவ்வைவர்மீதான தண்டனையையும் நீக்கியது. 1968இல் மூடப்பட்ட அப்பூங்காவை இன்று அரசின் தேசியப் பூங்காச் சேவை பேணுகிறது. 1921இன் அந்த இராட்டினம் காக்கப்பட்டிருப்பதோடு, அதில் ஏறியமைக்காகக் கைதானோரின் வரலாறும் வருவோருக்குக் கூறப்படுகிறது. நாம் காத்தல் என்று கூறுவது இதனையே.

இங்கிலாந்தின் மார்கேற் நகரமும் ஒரு படிப்பினை தருகிறது. அங்கே ட்ரீம்லாண்ட் பூங்காவில் 1920இல் அமைந்த சீனிக் ரயில்வேயில், வண்டியோடு செல்லும் தொழிலாளி ஒருவரே தடையை இயக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துவார். 2002இல் அது சட்டப் பாதுகாப்புப் பெற்றது. 2008இல் தீவைப்பால் ஒரு பகுதி எரிந்தது. ஊர்மக்களின் நெடிய இயக்கத்தின் பின் நகரசபை 2013இல் பூங்காவைக் கட்டாயக் கொள்வனவு மூலம் மீட்டது; 2015இல் வண்டி மீண்டும் ஓடிற்று. ஆனால் அடுத்த ஆண்டே பூங்காவை நடத்திய கம்பெனி கடனில் மூழ்கிற்று. பொதுமக்கள் மீட்ட பொருளைச் சந்தையின் கையில் ஒப்படைப்பதனால் வரும் ஆபத்து இதனால் தெளிவாகும்.

பழமையின்மீது மக்கள் கொள்ளும் ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. தந்தையின் தோளிலிருந்து கண்ட கடலையும், முதற் சம்பளத்தில் வாங்கிய சீட்டையும் நினைந்து ஏங்குவது மனித இயல்பு. மலிவான, எல்லாருக்கும் உரிய இன்பம் இன்று அரிதாகிவிட்டதென்ற முறைப்பாடும் அவ்வேக்கத்தினுள் உண்டு. வாணிபம் அம்முறைப்பாட்டை நீக்கிவிட்டு ஏக்கத்தை மட்டும் பொட்டலமாக்குகிறது. எனவே பழைய ரோலர் கோஸ்ரரொன்று காக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது நாம் கேட்கவேண்டியவை சில: அதனைச் செப்பனிடும் தச்சருக்கு நிலையான வேலையும் தக்க ஊதியமும் உண்டா? முதலில் அதில் ஏறியவர்களின் நிலையிலுள்ள இன்றைய தொழிலாளி குடும்பத்தோடு அதில் ஏற இயலுமா? அதில் ஏறமுடியாது தடுக்கப்பட்டோரின் கதை அங்கே கூறப்படுகிறதா? இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைக்குமிடத்தில் வரலாறு காக்கப்படுகிறது. ஏனைய இடங்களில் மரம் நிற்கலாம். அதைக் கட்டியவரும் ஏறியவரும் மறக்கப்படுவர்.